மரவில்லால் இம்பாலா வேட்டை: சரியா, கொடுமையா?

தோங்காட் வில்லாளி:
வரும் ஜூலையில் இங்கே தென்னாப்பிரிக்காவின் வட நாட்டாலில் ஒரு பண்ணையில் இம்பாலா மான் வேட்டைக்குப் போகிறேன். ரைஃபிளும் இல்லை, சக்கரம் வைத்த காம்பவுண்ட் வில்லும் இல்லை. ஹிக்கரி மரத்தில் நானே செதுக்கிய 50 பவுண்டு இழுவை கொண்ட நெடுவில் மட்டும்தான். இதைக் கேட்டு எங்கள் மாமா, "இது வேட்டையே இல்லை, சித்திரவதை" என்றார். அது மனதை அறுக்கிறது, அதனால்தான் இங்கே கேட்கிறேன்.

200 மீட்டரில் தொலைநோக்கி வழியே சுடுபவர் மிருகத்தின் மூச்சைக் கேட்பதில்லை. மரவில்லோடு போனால் 15 மீட்டருக்குள் நெருங்க வேண்டும். காற்று திசை மாறினால் அன்றைய நாள் போச்சு. அப்புறம், நம் ஊர் தோங்காட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கும் சிபுடு குகையில் 60,000 ஆண்டுகளுக்கும் முந்தைய கல் முனைகள் கிடைத்தன. அவை அம்பில் பொருத்தியவை என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். நம் முன்னோர் 1860-இல் இந்தியாவிலிருந்து கப்பலில் வந்திறங்குவதற்கு எவ்வளவோ காலம் முன்பே இது வில்லின் மண்.

பண்ணைக்காரர்:
தம்பி, மண்ணின் பெருமை சரி. ஆனால் கலஹாரிப் பாலைவனத்துப் பழங்குடிகளான சான் மக்களின் வில் சின்னது, பலம் குறைந்தது. ஒருவகை வண்டுப் புழுவின் விஷத்தை அம்பில் தடவுவார்கள், அதுதான் மானைக் கொன்றது. அடிபட்ட மானின் தடத்தை மணிக்கணக்கில், சில சமயம் மறுநாளும் தொடர்ந்து போவார்கள். உங்கள் அம்பில் விஷம் கிடையாது. நுரையீரலோ இதயமோ அறுபட்டு ரத்தம் போனால்தான் உயிர் போகும்.

கணக்குப் பாருங்கள். உங்கள் அம்பு வினாடிக்கு ஏறக்குறைய 50 மீட்டர் போகும். ஒலியின் வேகம் 340. 15 மீட்டரைக் கடக்க அம்புக்கு 0.3 வினாடி ஆகும்போது, நாண் சத்தம் அதற்குள் மான் காதில் விழுந்துவிடும். இம்பாலா பாய்வதற்காகக் கால் மடக்கி உடம்பைத் தாழ்த்தும். நெஞ்சுக்குக் குறிவைத்த அம்பு முதுகில் போய்ச் சொருகும்.

என் நிலத்தில் ஒரு விருந்தாளி காம்பவுண்ட் வில்லால் வயிற்றில் அடித்தார். மறுநாள் காலையில்தான் கண்டுபிடித்தோம். நரிகள் பின்பக்கத்தைத் தின்றிருந்தன. உயிர் எப்போது போனது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அன்றோடு வில்லுக்கு அனுமதி இல்லை என்று முடிவு செய்துவிட்டேன்.

குறிஞ்சிப்பிள்ளை:
வல்வில் ஓரியின் ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு எல்லாவற்றையும் துளைத்ததாகப் பாடிய இனம் நாம். வில்லை நாமே பழித்தால் எப்படி?

பண்ணைக்காரர்:
பாட்டில் அடிபட்ட யானை பிளிறுவது நமக்குக் கேட்காது, ஐயா.

ஃபீனிக்ஸ் அக்கா:
நான் புரட்டாசி முழுக்க அசைவம் தொடமாட்டேன். மற்ற மாதங்களில் கடைக் கோழி வாங்கும்போது அது எப்படிச் செத்தது என்று கேட்டதில்லை. அதனால் வேட்டைக்காரரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. ஆனால் தம்பி, வேகமாகக் கொல்லும் கருவி கையெட்டும் தூரத்தில் இருக்கும்போது கஷ்டமானதைத் தேர்ந்தெடுப்பது உங்கள் மனநிறைவுக்காகத்தானே? அதற்கு மான் ஏன் வலி தாங்க வேண்டும்?

தோங்காட் வில்லாளி:
அக்கா, அந்தக் கேள்விக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. என் மனநிறைவும் அதில் இருக்கிறது, மறுக்கவில்லை.

பண்ணைக்காரர் அண்ணனுக்கு: நாண் விஷயம் உண்மை. அதனால்தான் தலை நிமிர்ந்து நிற்கும் இம்பாலாவுக்கு அம்பு விடவே மாட்டேன். தண்ணீர்த் துறைக்குப் பக்கத்தில் மறைந்து உட்கார்ந்து, அது பக்கவாட்டில் நின்று குனிந்து குடிக்கும்போதுதான் நாணை இழுப்பேன், அதுவும் 12 மீட்டருக்குள். அம்பு 600 கிரெயின், அதாவது 39 கிராம் அளவு. கனமான அம்பு வேகம் குறைந்தாலும் உள்ளே நன்றாக இறங்கும், வில்லும் சத்தம் அடங்கி விடும். இரண்டு விளிம்பு முனையைச் சவரக்கத்திபோல் தீட்டுவேன். இரண்டு வருடமாகத் தினமும் காலையில் தூங்கி எழுந்ததும், கை சூடாகும் முன் ஒரே ஒரு அம்பு விடுகிறேன். வேட்டையில் கிடைப்பதும் அந்த ஒன்றுதானே.

நம் கடற்கரை ஈரத்தில் மரவில் தளரும். அதனால் புறப்படும் முன் வில்லின் இழுவையையும் மறுபடி அளந்து பார்ப்பேன்.

பண்ணைக்காரர்:
அடிபட்டபின்?

தோங்காட் வில்லாளி:
நுரை கலந்த இளஞ்சிவப்பு ரத்தம், அதாவது நுரையீரலில் அடி என்றால் அரைமணி நேரம் பொறுத்துத் தேடுவேன். கருஞ்சிவப்போ, குடல் நாற்றமோ இருந்தால் பல மணி நேரம் தொந்தரவு செய்யக்கூடாது, துரத்தினால் இன்னும் தூரம் ஓடிவிடும். காயத்தோடு தப்பினாலும் முழு விலை கொடுத்துவிட்டு அன்றைக்கே வேட்டையை நிறுத்திவிடுவேன்.

பண்ணைக்காரர்:
விலை எனக்குப் பொருட்டில்லை, அந்தப் பல மணி நேரம்தான் பொருட்டு. என்னிடம் ரத்தத் தடம் பிடிக்கப் பழக்கிய நாய் ஒன்று இருக்கிறது. ஜூலையில் அதைக் கூட்டிக்கொண்டு போங்கள், தம்பி. என் நிலத்தில் மட்டும் வில் வேண்டாம்.