ஹவுஸ்ஃபுல் என்றாலும் இடம் கிடைத்த கதைகள்: சென்னை நாடக ரசிகர்களின் அனுபவம்

மந்தைவெளி ரசிகை:

போன மாதம் ஒரு நவீன நாடகம். மொத்தமே மூன்று காட்சிகள், நூறு பேர் உட்காரக்கூடிய சின்ன அரங்கம். ஆன்லைனில் டிக்கெட் விற்பனை திறந்த நிமிடமே உள்ளே போய் இரண்டு இருக்கைகளைப் பிடித்தேன். யு.பி.ஐ. பின் போட்டதும் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே நின்றது. கணக்கில் பணம் போய்விட்டது, டிக்கெட் வரவில்லை. திரும்ப உள்ளே போனால் எல்லாக் கட்டமும் சாம்பல் நிறம். அழுகையே வந்துவிட்டது. என் அம்மாவுக்கு அந்தக் குழு என்றால் உயிர்.

ஆனாலும் தளத்தை மூடாமல் அப்படியே வைத்திருந்தேன். கொஞ்ச நேரம் கழித்துப் புதுப்பித்தால் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கைகள் பச்சையாகின. என்னைப் போலவே பணம் கட்டுகிற இடத்தில் சிக்கியவர்கள், பிடித்துவிட்டு மனம் மாறியவர்கள், இவர்களுடைய இருக்கைகள் சில நிமிடம் பூட்டிக் கிடந்து பிறகு விற்பனைக்குத் திரும்புகின்றன. பின்வரிசையில் இரண்டு கிடைத்தன. முதலில் போன பணமும் இரண்டு நாளில் கணக்குக்கு வந்துவிட்டது.

எல்லாம் விற்றுவிட்டது என்று பார்த்ததும் மனம் உடைந்து விடுகிறவர்கள் நிறைய. நம் ஊரில் வேறு என்னென்ன வழிகள் இருக்கின்றன என்று அனுபவப்பட்டவர்கள் எழுதுங்கள்.

நங்கநல்லூர் சபா உறுப்பினர்:

நவீன நாடகத்தின் கணக்கு வேறு, சபா நாடகத்தின் கணக்கு வேறு அம்மா. சபாவில் ஆண்டுச் சந்தா கட்டிய உறுப்பினர்களுக்காகத்தான் நாடகமே நடக்கிறது. குழுவுக்குச் சபா ஒரு தொகை கொடுத்து அழைக்கும். உறுப்பினர் போக மிச்சம் இருக்கிற இடத்தைத்தான் வெளியாருக்கு விற்பார்கள். அதனால் ஆன்லைனில் கண்ணில் படுவது அரங்கத்தில் ஒரு துண்டு மட்டுமே. அது பத்து நிமிடத்தில் தீர்ந்தால் ஆச்சரியமில்லை.

இதில் ஒரு நல்லதும் இருக்கிறது. அதே நாடகம் அடுத்த வாரம் இன்னொரு சபாவுக்குப் போகும். நாரத கான சபாவில் தவறவிட்டதை வாணி மகாலில் பார்க்கலாம், அங்கேயும் முடியாவிட்டால் மயிலாப்பூர் ஆர்.ஆர். சபாவிலோ ஃபைன் ஆர்ட்ஸிலோ பார்க்கலாம். குரோம்பேட்டை, நங்கநல்லூர்ப் பக்கம் வரும்வரை காத்திருந்தால் நெரிசலும் குறைவு. 1952இல் தொடங்கிய யு.ஏ.ஏ. (யுனைடெட் அமெச்சூர் ஆர்ட்டிஸ்ட்ஸ்), 1979இல் கிரேஸி மோகன் தொடங்கிய கிரேஸி கிரியேஷன்ஸ் போன்ற நாடகக் குழுக்கள் எல்லாம் இப்படிச் சபா சபாவாகப் போய்த்தான் ஒரே நாடகத்தை நூற்றுக்கணக்கான முறை மேடையேற்றின. முதல் காட்சியைத்தான் பார்ப்பேன் என்று பிடிவாதம் பிடிக்கத் தேவையில்லை. பத்தாவது காட்சியில் வசனம் இன்னும் கூர்மையாகியிருக்கும், நடிகர்களுக்கு எந்த இடத்தில் சிரிப்பு வரும் என்று தெரிந்திருக்கும்.

கோடையில் கார்த்திக் ஃபைன் ஆர்ட்ஸ் நடத்தும் நாடக விழா மட்டும் விதிவிலக்கு. புது நாடகங்கள் வரிசையாக அரங்கேறும் நேரம் அது, கூட்டம் எப்படியும் இருக்கும். தினமும் நாடகம் பார்க்கிற ஆசை இருந்தால் ஒரு சபாவில் உறுப்பினராகிவிடுங்கள், ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் அலைவதைவிட மேல். மார்கழியில் பெரிய மேடைகள் கச்சேரிக்குப் போய்விடும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

புரசைவாக்கம் கல்லூரி மாணவன்:

எனக்கு எழும்பூர் மியூசியம் தியேட்டரில் நடந்தது. 1896இல் கட்டிய அரங்கம். மேடையைச் சுற்றி அரைவட்டமாக இருக்கைகள் படிபடியாக ஏறும், எங்கே உட்கார்ந்தாலும் நடிகர் முகம் தெரியும். அங்கே ஒரு ஆங்கில நாடகம், முழுக்க விற்றாயிற்று. கையில் டிக்கெட் இல்லாமலேயே பாந்தியன் சாலையில் இறங்கி வாசலுக்குப் போனேன். டிக்கெட் சரிபார்க்கும் மேசையில் இருந்த அக்காவிடம் பெயர் கொடுத்து, “யாராவது வரலன்னா சொல்லுங்கக்கா, இங்கதான் நிக்கிறேன்” என்றேன். எனக்கு முன்னால் நாலைந்து பேர் அப்படி நின்றார்கள்.

அவரவர் நண்பர் வராமல் போனதால் கூடுதல் டிக்கெட் வைத்திருப்பவர்கள் வாசலில்தான் ஆள் தேடுவார்கள். ஒரு பெரியவர் தன்னிடம் இருந்த இரண்டை அதே விலைக்குக் கொடுத்தார், அதில் ஒன்று எனக்கு. ஜிபேயில் அனுப்பினேன். மேலே ஒரு ரூபாய் கேட்கவில்லை. சினிமா முதல் நாள் டிக்கெட்டைப் பல மடங்கு விலைக்கு விற்பதைப் பார்த்து வளர்ந்த எனக்கு அது பெரிய விஷயம்.

தெரியாதவர் வாட்ஸப்பில் அனுப்பும் ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் வாங்காதீர்கள். ஒரே க்யூஆர் குறியை நான்கு பேருக்கு அனுப்பி, முதலில் ஸ்கேன் செய்தவர் உள்ளே போக, மற்ற மூவர் வாசலில் நின்றதைக் கண்ணால் பார்த்தேன்.

அடையாறு மூத்த ரசிகர்:

1999இல் மேஜிக் லேண்டர்ன் குழு நந்தனம் ஒய்.எம்.சி.ஏ.வில் திறந்தவெளியில் ‘பொன்னியின் செல்வன்’ போட்டது. ஊரே பேசிய நாடகம். அப்போது ஆன்லைன் ஏது, அலுவலகத்தில் ஒருவர் பார்த்துவிட்டு வந்து சொல்லி, நான் கிளம்புவதற்குள் முடிந்துவிட்டது. பதினைந்து வருடம் அந்த ஏக்கம் இருந்தது. 2014இல் மியூசிக் அகாடமியில் திரும்ப மேடையேறியபோது அறிவிப்பு வந்த அன்றே வார நாள் காட்சிக்கு வாங்கினேன். என் மகன் சனி, ஞாயிறுதான் வேண்டும் என்று பார்த்துக்கொண்டிருந்து, அது கிடைக்காமல் கடைசியில் என் காட்சிக்கே வந்து எனக்குப் பின்னால் எங்கோ உட்கார்ந்தான். வார நாள் காட்சி எப்போதுமே மெதுவாகத்தான் விற்கும், அலுவலகத்தில் ஒரு மணி நேரம் அனுமதி கேட்டால் போதும். வந்தியத்தேவன் மேடைக்கு வந்தபோது எழுந்த கைதட்டலுக்காக எத்தனை மணி நேரம் வேண்டுமானாலும் வரிசையில் நிற்கலாம்.

ஒரு நாடகக் குழுவில் வாசல் பொறுப்பு பார்ப்பவர்:

மேடைக்கு இந்தப் பக்கத்திலிருந்தும் கொஞ்சம் சொல்கிறேன். எந்தக் காட்சியிலும் எல்லா இருக்கையும் விற்பனைக்குப் போவதில்லை. புரவலர்களுக்கு, விளம்பரம் கொடுத்தவர்களுக்கு, நடிகர்கள் வீட்டாருக்கு, பத்திரிகைக்காரர்களுக்கு என்று முன்வரிசைகளை ஒதுக்குகிறோம். ஒளி, ஒலிப் பலகை எங்கே வைப்பது என்று முடிவாகும்வரை பின்னால் சில இருக்கைகளைத் திறக்க மாட்டோம். அது முடிவானதும், பெரும்பாலும் காட்சிக்கு முந்தைய நாளோ அன்று காலையோ, அந்த இருக்கைகள் ஆன்லைனில் வரும். அந்த நேரத்தில் பாருங்கள். குழுவின் பக்கத்தில் இருக்கும் எண்ணுக்குக் கூப்பிட்டும் கேட்கலாம், நாங்கள் சலித்துக்கொள்ள மாட்டோம்.

நாடகத்துக்கு 500 ரூபாய் டிக்கெட் வரை ஜி.எஸ்.டி. இல்லை. ஆன்லைனில் கூடுதலாகத் தெரிவது தளத்தின் சேவைக் கட்டணமும் அதன் மீதான வரியும்தான். கவுன்டரில் கொடுக்கிற குழுவாக இருந்தால் அது மிச்சம்.

என் மனசைப் போட்டு அறுக்கிற விஷயம் ஒன்று உண்டு. பாஸ் வாங்கியவர்கள் வராமல் போவது. முதல் இரண்டு வரிசையில் ஓட்டை விழுந்த பல் மாதிரி காலி இருக்கைகள் தெரிய, வாசலில் ஐம்பது பேரிடம் இல்லை என்று கைகூப்பி அனுப்பியிருக்கிறேன். மூன்று மாதம் ஒத்திகை பார்த்துவிட்டு மேடையில் நிற்கிற பிள்ளைகள் எதிரே பார்ப்பது அந்தக் காலி நாற்காலிகளைத்தான். வர முடியாவிட்டால் மதியத்துக்குள் ஒரு செய்தி அனுப்புங்கள். காசு கொடுத்து வாங்கியவர்களும் அப்படியே, உங்கள் இடத்தில் உட்காரத் துடிக்கிற ஒருவர் கேட்டுக்கு வெளியே நிற்கிறார். எங்கள் குழுவில் இப்போது காட்சிக்குப் பத்து நிமிடம் முன்பு வரை வராத பாஸ்களை வாசலில் காத்திருப்பவர்களுக்குக் கொடுத்துவிடுகிறோம். சில பெரிய மனிதர்களுக்கு வருத்தம்தான். இருந்தாலும் எல்லாக் குழுக்களும், எல்லாச் சபாக்களும் இதைச் செய்ய வேண்டும் என்றே சொல்வேன்.

தாம்பரம் வாசகி:

வாசலில் நிற்கத் தெம்பு இல்லாதவர்கள் என்ன செய்வது சார்? மாமியாருக்கு முழங்கால் வலி, படி ஏறவும் முடியாது. இடம் கிடைக்குமா என்று தெரியாமல் தாம்பரத்திலிருந்து கூட்டி வர யோசனையாக இருக்கிறது.

வாசல் பொறுப்பு பார்ப்பவர்:

அம்மா, கூட்டி வருவதற்கு முன்பே கூப்பிட்டுச் சொல்லிவிடுங்கள். படி ஏறாத வரிசையில் ஓர இருக்கை ஒன்றிரண்டைப் பெரும்பாலான குழுக்கள் கடைசிவரை கையில் வைத்திருப்போம், கேட்டால்தான் தெரியும். மியூசியம் தியேட்டர் மாதிரிப் படிக்கட்டு அரங்கமாக இருந்தால் எந்த வாசல் வழியாக வர வேண்டும் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். ஏழு மணி நாடகத்துக்கு ஆறேகாலுக்கு வந்தால் கூட்டம் நுழைவதற்கு முன் உட்கார வைத்துவிடலாம். தெருவில் இறங்கி நடக்க வேண்டாம், ஆட்டோவை உள்ளேயே விடச் சொல்லி வாட்ச்மேனிடம் நானே பேசிவிடுவேன்.