தோழிக்காகக் கேட்கிறேன், விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

என்னோடு வேலை பார்க்கும் தோழியைக் கணவர் அடிக்கிறார். இந்த வெயிலிலும் முழுக்கை ஜாக்கெட்தான் போட்டு வருகிறாள். சம்பள ஏடிஎம் கார்டு அவரிடம். ராத்திரி போனையும் வாங்கிப் பார்ப்பாராம், அதனால் வாட்ஸ்அப்பில் நான் எதுவும் அனுப்புவதில்லை.

வீடு மாமனார் பேரில் இருப்பதால் துரத்திவிடுவார்களோ என்று பயப்படுகிறாள். 2005 குடும்ப வன்முறைச் சட்டப்படி அங்கே குடியிருக்க உரிமை உண்டு, 2020-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது என்று சொன்னேன். 181 என்ற பெண்கள் உதவி எண்ணையும் மனப்பாடம் செய்துகொண்டாள். போலீசுக்குப் போக இப்போது விருப்பமில்லை. சரி, அது அவள் முடிவு.

மதுரைப் பக்கம், இந்தச் சட்டப்படி புகார் வாங்கும் பாதுகாப்பு அலுவலரை நேரில் பார்த்தவர்கள் இருக்கிறீர்களா? என்னென்ன ஆவணம் வேண்டும்? வீட்டுக்கு நோட்டீஸ் எப்போது போகும்? அதற்குள் அவள் வெளியே வந்துவிட வேண்டுமா?

'அட்ஜஸ்ட் பண்ணிப் போகச் சொல்லுங்க' என்பவர்கள் தயவுசெய்து கடந்துபோங்கள். அதை அவள் அம்மாவே சொல்லியாயிற்று.