ராட்ஜர்ஸ் சவரக்கத்தி: எந்த ஜார்ஜ் காலத்தது?

லீட்ஸ்வாசி:
வணக்கம். லீட்ஸ் பக்கம் ஞாயிற்றுக்கிழமை கூடும் பழைய சாமான் சந்தையில் ஒரு மடக்குச் சவரக்கத்தி 40 பவுண்டுக்கு வாங்கினேன். அலகுக்குப் பின்னால் இருக்கும் தண்டில் ஒரு பக்கம் நட்சத்திரமும் மால்டா சிலுவையும், கீழே ‘ஜோசப் ராட்ஜர்ஸ் அண்டு சன்ஸ், கட்லர்ஸ் டு ஹிஸ் மெஜஸ்டி’. மறுபக்கம் ‘ஜி’, கிரீடம், ‘ஆர்’. அதன் கீழே ‘6 நார்ஃபோக் ஸ்ட்ரீட், ஷெஃபீல்ட், இங்கிலாந்து’. அகலம் 5/8 அங்குலம். பிடி வெளிர்மஞ்சள், நீளவாக்கில் நேர்கோடுகள். விற்ற பெரியவர், நான்காம் ஜார்ஜ் காலத்தில், 1820களில் செய்தது, பிடி தந்தம் என்று அடித்துச் சொன்னார். தண்டு பளபளவென்று இருக்கிறது, பிடிக்குள் மடங்கும் அலகில் மட்டும் துரு திட்டுத்திட்டாக. 1820ஐ நம்பலாமா?

கொம்புப்பிடி:
முதலில் பெயரில் ‘டி’ எழுத்து இருக்கிறதா என்று லென்ஸ் வைத்துப் பாருங்கள். ராட்ஜர்ஸ் பெயருக்கு அவ்வளவு மவுசு, ‘டி’ இல்லாத ‘ரோஜர்ஸ்’களும் சந்தையில் திரிகின்றன.

மதுரைக்காரன்77:
தந்தமா என்று தெரிய ஊசியைப் பழுக்கக் காய்ச்சிப் பிடியில் குத்திப் பாருங்க சார். தந்தம்னா உள்ளே போகாது.

சாணைக்கல்:
மதுரைக்காரரே, தயவுசெய்து அது வேண்டாம்! செல்லுலாயிடாக, அதாவது அந்தக் காலத்துப் பிளாஸ்டிக்காக இருந்தால் குப்பென்று பற்றிக்கொள்ளும். கட்டைவிரலால் பிடியைச் சூடு பறக்கத் தேய்த்து மோந்து பார்த்தால் போதும். நைட்ரோசெல்லுலோஸும் கற்பூரமும் கலந்து செய்ததுதான் செல்லுலாயிட். வாசனையே காட்டிக்கொடுத்துவிடும். நீங்கள் சொல்லும் நேர்கோடுகளும் எனக்குச் சந்தேகம் தருகின்றன. யானைத் தந்தத்தின் குறுக்குவெட்டில் கோடுகள் ஒன்றையொன்று வெட்டி வலைபோல் தெரியும். போலித் தந்தத்தில் தந்தம் மாதிரி இருக்கட்டும் என்று இணைகோடுகளாகப் போட்டுவிடுவார்கள்.

இனி காலம். பெரியவர் சொன்னது முழுக்கப் புளுகு இல்லை. மன்னருக்குக் கத்தி செய்து தரும் அரச நியமனம் நான்காம் ஜார்ஜ் காலத்திலேயே ராட்ஜர்ஸுக்குக் கிடைத்துவிட்டது. ஆனால் பழம்பொருளில் இருப்பதிலேயே பிந்திய அடையாளம் எதுவோ அதுதான் வயதைச் சொல்லும். ‘ஹிஸ் மெஜஸ்டி’ என்றால் ஆள்பவர் ராஜா. அதனால் விக்டோரியாவின் 1837 முதல் 1901 வரையிலான காலம் கழிந்துவிட்டது. ‘ஜி’ ஜார்ஜின் முதலெழுத்து என்பதால் நான்காம் வில்லியமும் ஏழாம் எட்வர்டும் இல்லை. மிஞ்சுவது ஜார்ஜ்கள்தான். இங்கேதான் ‘இங்கிலாந்து’ என்ற சொல் கைகொடுக்கிறது. அமெரிக்காவின் 1890ஆம் ஆண்டு மக்கின்லி சுங்கச் சட்டம் இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்றது, 1891இல் அமலுக்கு வந்தது. அதற்கு முன் ‘ஷெஃபீல்ட்’ என்று ஊர்ப்பெயர் போட்டாலே போதும், உலகத்துக்கே தெரியும். பிடி செல்லுலாயிட் என்று உறுதியானால் கதை முடிந்தது. 1870ஐ ஒட்டித்தான் அமெரிக்காவில் ஹயாத் என்பவர் அந்தப் பொருளையே கொண்டுவந்தார்.

‘மேட் இன்’ இல்லாததால் 1921க்கு முந்தியது என்று சிலர் கறாராகச் சொல்வார்கள். எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. அது அமெரிக்கச் சுங்கத்தின் கணக்கு. உள்ளூரில் விற்ற கத்திக்கு அது எதற்கு?

ஒன்று மட்டும் சொல்லுங்கள். அலகைக் குறுக்காகப் பார்த்தால் ஆப்பு மாதிரி தடிமனாக இருக்கிறதா, இரு பக்கமும் குழிந்திருக்கிறதா?

லீட்ஸ்வாசி:
‘டி’ இருக்கிறது. அலகு நன்றாகவே குழிந்திருக்கிறது, நகத்தால் தட்டினால் ‘டிங்’ என்கிறது. தேய்த்துப் பார்த்தேன், சாமி அறை வாசனை! தந்தம் போயிற்று.

சாணைக்கல்:
போனது நல்லதுதான். பிரிட்டனில் 2018ஆம் ஆண்டுச் சட்டம் 2022இல் அமலுக்கு வந்த பிறகு, சில விதிவிலக்குகள் தவிர, தந்தப் பொருளை விற்பதே குற்றம்.

1820களின் கத்தி ஆப்புபோல் கனமாக இருக்கும். இப்படித் தட்டினால் ஒலிக்கும் அளவுக்குக் குழித்துச் சாணை பிடிப்பது 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், கத்திக்குப் பேர்போன ஜெர்மன் ஊரான சோலிங்கனின் பாணியில் பரவியது. ஆகவே ஐந்தாம் ஜார்ஜ், 1910 முதல் 1936க்குள். ஆறாம் ஜார்ஜையும் முற்றாகத் தள்ள முடியாது. ஆனால் அதற்குள் ஜில்லெட் பிளேடு வீட்டுக்கு வீடு வந்துவிட்டது, புதிதாக மடக்குக் கத்தி வாங்கியவர் குறைவு. ஐந்தாம் ஜார்ஜுக்குத்தான் என் ஓட்டு.

வயதைவிட அவசரமான விஷயம் அந்தத் துரு. செல்லுலாயிட் சிதையும்போது வெளிவரும் நைட்ரிக் அமில ஆவி எஃகைத் தின்னும். அதனால்தான் பிடிக்குள் இருக்கும் பகுதி மட்டும் கெட்டிருக்கிறது. எண்ணெய் தடவி மூடி வைப்பதில் பலனில்லை. ஆணியைத் தட்டிப் பிடியைக் கழற்றிவிடுங்கள், கொம்பிலோ மரத்திலோ புதிதாகப் போடலாம். அதுவரை வேறு கத்திகளோடு ஒரே பெட்டியில் வைக்காதீர்கள்.

லீட்ஸ்வாசி:
என் ஜெர்மன் கத்தியும் அதே டப்பாவில்தான் கிடக்கிறது. இதோ எடுக்கிறேன். பழைய பிடியை என்ன செய்வது?

சாணைக்கல்:
காற்றோட்டமான இடத்தில், நெருப்புக்கு எட்டாமல் தனியாக வையுங்கள். புதுப்பிடிக்கு அளவு எடுக்க அது வேண்டும்.