மழை வெள்ளத்தில் 72 மணி நேரம் ஆக்சிஜன் கருவியை இயக்க வழி தேவை

அனைவருக்கும் வணக்கம். சென்னை முடிச்சூரில் 12 வீடுகள் கொண்ட குடியிருப்பின் இரண்டாம் மாடியில் வசிக்கிறோம். என் மாமியாருக்கு நிமிடத்துக்கு 2 லிட்டர் ஆக்சிஜன் இடைவிடாமல் தேவை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மூன்று நாள் மின்சாரம் இல்லை. தெருவில் இடுப்பளவு தண்ணீர் நின்றதால், சிலிண்டர் ஏற்றிவந்த வண்டி பிரதான சாலையிலேயே திரும்பிவிட்டது. கடைசியில் அவரைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, நான்கு பேர் தூக்கிச் சென்று படகில் ஏற்றினோம்.

எங்கள் கருவி காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் மின்கருவி (கான்சன்ட்ரேட்டர்). நிமிடத்துக்கு 5 லிட்டர் வரை தரும் வகை; சுமார் 350 வாட் இழுக்கிறது. 150 ஏ.எச். பேட்டரியுடன் கூடிய இன்வெர்ட்டரில் இணைத்துப் பார்த்தோம். மூன்று மணி நேரத்தில் அணைந்துவிட்டது. 72 மணி நேரத்துக்கு ஏறக்குறைய 25 யூனிட் தேவைப்படுவதால், பேட்டரிகளை அடுக்குவது கட்டுப்படியாகாது. புயல் மேகத்தில் சூரிய மின்தகடு கைகொடுக்காது. கீழ்த்தளத்தில் இருந்த பொது ஜெனரேட்டர் முதல் நாளே மூழ்கியது (அதை அங்கே வைத்த புத்திசாலித்தனத்தில் எனக்கும் பங்குண்டு). 1,500 லிட்டர் கொள்ளும் சிறிய பி வகை சிலிண்டர் ஒன்று பன்னிரண்டு மணி நேரமே வரும்.

இப்போது 12 வீட்டாரும் பணம் பங்கிட்டுத் தர முன்வந்துள்ளனர். மொட்டைமாடியில் 2 கே.வி.ஏ. பெட்ரோல் ஜெனரேட்டர் வைக்கலாம் என்றால், அதன் புகையும், குடியிருப்புக்குள் பெட்ரோலைச் சேமிப்பதும் அச்சமூட்டுகின்றன. 7,000 லிட்டர் கொள்ளும் டி வகை சிலிண்டர்கள் இரண்டை வாங்கலாம் என்றால், அவ்வளவு கனத்தை மாடிப்படியில் ஏற்ற வேண்டும். பருவமழைக்கு ஆறு வாரமே உள்ளது.

இவ்விரண்டில் ஒன்றை வீட்டில் நடைமுறைப்படுத்தியவர்கள், எது பாதுகாப்பாக 72 மணி நேரம் தாக்குப்பிடித்தது என்று கூற முடியுமா?