கனடிய வெள்ளி டாலர் சேர்க்கத் தொடங்கியபோது நடந்த, மறக்க முடியாத ஒன்று?

பனிக்காலம்:
என்னுடையது 1936 டாலர், முதன்முதலாக வாங்கிய காசு. பின்பக்கத்தில் சிற்பி எமானுவேல் ஹான் வடித்த படகோட்டி. சாம்பலும் நீலமுமாக அழகாகக் கறுத்திருந்தது, தீவுக்குப் பின்னால் வட துருவ ஒளியைக் காட்டும் மெல்லிய கோடுகள்கூடத் தெளிவாகத் தெரிந்தன. மேசையில் வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். திரும்பி வந்தால் சாமித் தட்டில் விளக்குக்குப் பக்கத்தில் பளபளவென்று இருக்கிறது. அம்மா திருநீறு போட்டுத் தேய்த்திருக்கிறார். "பார் தம்பி, எப்படிக் கறுத்துக் கிடந்தது, இப்ப புதுசு மாதிரி" என்று என் கையில் வைத்தார். வெளிச்சத்தில் சாய்த்தேன், முடி முடியாகக் கீறல்கள். அந்த ஒளிக்கோடுகள் எவை, கீறல்கள் எவை என்றே பிரிக்க முடியவில்லை. கடைக்காரர் ஒருமுறை பார்த்துவிட்டு நேரே தராசில் போட்டார், வெள்ளி விலைதான் என்றார். அம்மாவிடம் நான் எதுவும் சொல்லவில்லை.

பழங்காசு:
நான் வாங்காமல் விட்ட கதை. ஒரு கண்காட்சியில் பெரியவர் ஒருவர் உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கொடுத்து "1947க்குப் பக்கத்தில் பாருங்கள்" என்றார். ஆண்டை ஒட்டி ஒரு குட்டி மேப்பிள் இலை. இந்தியா விடுதலை அடைந்ததும் காசில் அரசர் பெயரோடு இருந்த 'இந்தியப் பேரரசர்' என்ற பட்டத்தை எடுக்க வேண்டியிருந்தது, லண்டனிலிருந்து புது அச்சு வருவதற்குள் 1948இல் பழைய அச்சிலேயே இலையைச் சேர்த்து அடித்தார்கள். இலை போட்டது 21,135தான். புது அச்சு வந்து அடித்த 1948 டாலர் அதைவிடக் குறைவு, 18,780. தாத்தா வைத்திருந்த ஜார்ஜ் ரூபாய்களைப் பார்த்து வளர்ந்தவன் நான், நம் ஊர் விடுதலை ஒட்டாவாவில் அடித்த காசில் ஓர் இலையாக நிற்பதைப் பார்த்ததும் கை நடுங்கியது. விலை கேட்டேன், யோசிக்கிறேன் என்றேன். மறுநாள் போனபோது இல்லை. புதிதாகத் தொடங்குகிறவர்கள் இப்படி ஒன்றுக்காகவே பணம் சேர்த்து வாங்குங்கள்.

மார்க்கம்வாசி:
பழங்காசு அண்ணை, இதை ஏற்க மாட்டேன். புதிதாக வருகிறவர் 1948இல் கைவைத்தால் போலிதான் கிடைக்கும். என் கதை சின்னது: 'பத்து வெள்ளிப் படகோட்டிகள்' என்று இணையத்தில் வாங்கினேன், என் மகள் விளையாட்டாகக் குளிர்சாதனப் பெட்டிக் காந்தத்தைக் கிட்டே கொண்டுபோனாள், டக்கென்று ஒட்டியது. பத்தும் 1968க்குப் பிந்திய நிக்கல். அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

அதனால் சொல்கிறேன். புழக்கத்துக்கு வந்த வெள்ளி டாலர் 1935 முதல் 1967 வரைதான், அதிலும் 1940 முதல் 1944 வரை அடிக்கவே இல்லை. 80 விழுக்காடு வெள்ளி, 23.3 கிராம், குறுக்களவு 36 மி.மீ. நிக்கல் டாலர் 32 மி.மீ., அளவிலேயே தெரிந்துவிடும், நான்தான் அளக்கவில்லை. 1971 முதல் 1991 வரை சேகரிப்பாளர்களுக்கென்று வந்தவற்றில் வெள்ளி 50 விழுக்காடுதான், அதை இதோடு கலக்காதீர்கள். ஒரு சின்ன டிஜிட்டல் தராசு வாங்குங்கள். 1958 குலமரத் தூண் (பழங்குடியினர் செதுக்கும் மரத்தூண்), 1964 சார்லட்டவுன் மாநாட்டு நினைவு, 1967 காட்டு வாத்து, இவற்றில் தொடங்குங்கள், எளிதில் கிடைக்கும். 1965இல் மட்டும் விளிம்பைச் சுற்றிய மணி வரிசை பெரிது, சின்னது, ஆண்டிலுள்ள 5இன் வால் கூர், மழுங்கல் என்று வகைகள் உண்டு, அது ஒரு வருடத்துக்குப் போதும். பிவிசி உறையில் வைக்காதீர்கள், பச்சையாகப் பிசுபிசுக்கும். தேய்க்கவே கூடாது, மெல்லிய துணியாலும் கூடாது. பனிக்காலம், நீங்கள் அன்றைக்கே அம்மாவிடம் சொல்லியிருக்க வேண்டும், அப்போதுதான் அடுத்த காசு தப்பும்.

பனிக்காலம்:
நீங்கள் சொன்னபடி 1936ஐத் தராசில் வைத்தேன், 23.2 கிராம். காந்தம் ஒட்டவில்லை. அடுத்து வாங்கிய 1949 கப்பல் டாலரை அலுவலக மேசையில் பூட்டி வைத்திருக்கிறேன். 1936 சாமித் தட்டில்தான் இருக்கிறது, வெள்ளிக்கிழமை அம்மா மறுபடி தேய்த்தார். நான் பக்கத்தில்தான் நின்றேன்.