கட்ஆஃப் 178.5: நெல்லை அரசுக் கல்லூரியில் ட்ரிபிள் இ-யா, சென்னைப் புறநகரில் கம்ப்யூட்டர் சயின்ஸா?

லாரிஷெட்காரர்:
மகளுக்குக் கணிதம் 92, இயற்பியல் 86, வேதியியல் 87. கணிதத்தோடு மற்ற இரண்டின் பாதியைக் கூட்டினால் கட்ஆஃப் 200-க்கு 178.5. பிசி பிரிவு. பொறியியல் கலந்தாய்வுக்கான விருப்பப் பட்டியலில் எதை முதலில் போடுவது என்று வீட்டில் ஒரே சண்டை. திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரியில் ட்ரிபிள் இ (மின், மின்னணுப் பொறியியல்) வேண்டும் என்கிறார் மச்சான். சென்னைப் புறநகரில் ஒரு தனியார் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் வேண்டும் என்கிறாள் மகள். நாங்கள் கோவில்பட்டி. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய ஹாஸ்டல்வாசி:
நெல்லைதான் சார், இதில் யோசிக்க என்ன இருக்கிறது? அங்கே வருடத்துக்குச் சில ஆயிரத்தில் படிப்பு முடிந்துவிடும். தனியாரில் அரசு ஒதுக்கீட்டுக்கே 2017-ல் கட்டணக் குழு வைத்தது 50 ஆயிரம், தர அங்கீகாரம் இருந்தால் 55 ஆயிரம். அதற்கு மேல் பஸ், ஹாஸ்டல், பெயர் தெரியாத இன்னும் பல கட்டணங்கள். ட்ரிபிள் இ படித்தவரை ஐடி கம்பெனிகளும் எடுக்கின்றன, மின்வாரியத் தேர்வும் எழுதலாம். இரண்டு கதவு திறந்திருக்கிறது.

தரமணி கோடர்:
அண்ணா, எல்லாப் பிரிவையும் எடுப்பவை கூட்டமாக ஆள் சேர்க்கும் கம்பெனிகள். அதற்கு மேல் சம்பளம் தருகிற பல இடங்களில் 'சிஎஸ், ஐடி மட்டும்' என்று போட்டு வடிகட்டி விடுகிறார்கள். மின்வாரியத் தேர்வு எப்போது வரும் என்று காத்திருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். பிடிக்காத பாடத்தை நான்கு வருடம் அந்தப் பெண் ஏன் படிக்க வேண்டும்? மெஷின்ஸ் லேபில் மோட்டாரைச் சுற்ற வைத்து ரீடிங் எடுப்பதில் ஆர்வம் இல்லையென்றால் அரியர்தான் மிஞ்சும்.

பழைய ஹாஸ்டல்வாசி:
கம்ப்யூட்டர் சயின்ஸ் இடங்கள் எப்படி இவ்வளவு பெருகின என்று தெரியுமா தம்பி? 2024-ல் தொழில்நுட்பக் கல்விக்கான தேசிய அமைப்பான ஏஐசிடிஇ, நன்றாக நடக்கும் கல்லூரிகளுக்கு இட உச்சவரம்பை எடுத்துவிட்டது. இடத்தைக் கூட்டுவது எளிது. பாடம் நடத்த ஆளுக்கு எங்கே போவார்கள்? போன வருடம் எம்.இ. முடித்தவர் இந்த வருடம் டேட்டா ஸ்ட்ரக்சர் நடத்துகிறார்.

கணக்கு டீச்சர்:
இரண்டு பேரும் பிரிவைப் பற்றியே பேசுகிறீர்கள், கல்லூரியின் பெயர்கூடத் தெரியாமல். அது தன்னாட்சி பெறாத கல்லூரி என்றால் கேள்வித்தாள் அண்ணா பல்கலைக்கழகத்திலிருந்து வரும். ஒவ்வொரு செமஸ்டருக்கும் கல்லூரி வாரியாகத் தேர்ச்சி சதவீதத்தை அவர்களே வெளியிடுகிறார்கள். இரண்டு மூன்று செமஸ்டரைப் பார்த்தால் வண்டவாளம் தெரிந்துவிடும். தன்னாட்சி என்றால் அவர்களே தாள் எடுத்து அவர்களே திருத்துவார்கள், அந்த எண்ணை இதோடு ஒப்பிடக் கூடாது.

வாசலில் தொங்கும் வேலைவாய்ப்பு பேனரையும் நம்பாதீர்கள். ஒரே பிள்ளைக்கு மூன்று கம்பெனியில் ஆஃபர் வந்தால் மூன்று என்று எண்ணுவார்கள். 'நூறு சதவீதம்' என்பதும் அரியர் இல்லாதவர்களில் மட்டும். கடைசி வருடத்தில் மொத்தம் எத்தனை பேர், வேலைக்குச் சேர்ந்தவர்கள் எத்தனை பேர் என்று கேளுங்கள். பதில் சொல்ல இழுத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

அப்புறம், கோவில்பட்டியில் இருந்துகொண்டு நேஷனல் பொறியியல் கல்லூரியைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லையே? 1984-லிருந்து நடக்கிறது, தன்னாட்சிக் கல்லூரி. வீட்டிலிருந்தே போய் வரலாமே.

லாரிஷெட்காரர்:
அதைச் சொன்னதற்குத்தான் மகள் இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை டீச்சர். ஊரை விட்டுப் போயே ஆக வேண்டுமாம்.

தரமணி கோடர்:
அப்படிச் சொல்லுங்கள்! இது பிரிவுச் சண்டையே இல்லை. சென்னைதான் காரணம்.

பழைய ஹாஸ்டல்வாசி:
ஊரை விட்டுப் போகத்தான் ஆசை என்றால் நெல்லையிலும் ஹாஸ்டல் இருக்கிறது.

தரமணி கோடர்:
சனிக்கிழமை ஆனால் அப்பா பஸ் ஏறி வந்துவிடுகிற தூரம் அண்ணா அது.

கணக்கு டீச்சர்:
சிரித்தது போதும். லாரிஷெட்காரர் சார், ஒன்றைக் கவனியுங்கள். கலந்தாய்வில் நெல்லை கிடைத்து, 'ஏற்கிறேன், மேலே உள்ளதற்கும் காத்திருக்கிறேன்' என்று கொடுத்தால், மேலே எழுதிய இடம் காலியானதும் அங்கே மாற்றிவிடுவார்கள். நெல்லை கையை விட்டுப் போய்விடும், திரும்பக் கேட்க முடியாது. அதனால் சும்மா போட்டு வைப்போம் என்று எந்தக் கல்லூரியையும் நெல்லைக்கு மேலே எழுதாதீர்கள். பட்டியலுக்கு எண்ணிக்கை வரம்பு இல்லை. மதுரை, விருதுநகர் பக்கம் உள்ள கம்ப்யூட்டர் சயின்ஸ் இடங்களையும் சேருங்கள். போன வருடம் பிசி பிரிவில் எந்த மதிப்பெண்ணோடு முடிந்தது என்று பார்த்து, மகளின் கட்ஆஃபைவிடக் கொஞ்சம் மேலே முடிந்தவற்றையும் தைரியமாக எழுதலாம்.

லாரிஷெட்காரர்:
தேர்ச்சிப் பட்டியலை இப்போதுதான் மகளோடு உட்கார்ந்து பார்த்தேன். அந்தப் புறநகர்க் கல்லூரியைத் தேட ரொம்ப நேரம் கீழே போக வேண்டியிருந்தது. அவளே அந்தப் பெயரைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டாள். இப்போது மதுரையில் இரண்டு கம்ப்யூட்டர் சயின்ஸ், அதற்கடுத்து நெல்லை. மச்சானுக்கு இன்னும் சொல்லவில்லை.

பழைய ஹாஸ்டல்வாசி:
நெல்லையை மூன்றாவதாகத் தள்ளிவிட்டீர்களே சார்!