மறு: மனப்பாங்கு–நடத்தை: முரணா, இடைவெளியா, பொருந்தளவா?

அன்பின் சேர், அக்கா, குழும நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம். நம் உளவியல் கலைச்சொல் பட்டியலுக்காக, ஒருவரின் மனப்பாங்கும் (attitude, ஒன்றைப் பற்றிய விருப்பு வெறுப்பு) நடத்தையும் எவ்வளவு பொருந்துகின்றன என்பதற்குப் பெயர் தேடுகிறோம். சேர் எழுதியது:

> நினைப்பதும் செய்வதும் வேறாக இருப்பதை ‘மனப்பாங்கு–நடத்தை முரண்’ என்றே வைத்துக்கொள்ளலாம்.

சேர், ‘முரண்’ எனக்கு உடன்பாடில்லை. உளவியலாளர் பெஸ்டிங்கர் 1957இல் முன்வைத்த கோட்பாட்டை ‘அறிகை முரண்’ (cognitive dissonance) என்று எழுதி வருகிறோம். அது மனதுக்குள் எழும் உறுத்தலின் பெயர். நாம் இப்போது பெயர் தேடுவதோ ஓர் அளவுக்கு: ஒருவரின் மனப்பாங்கு தெரிந்தால் அவர் நடத்தையை எவ்வளவு தூரம் முன்கூட்டிச் சொல்லலாம் என்பதற்கு. எந்த உறுத்தலும் இல்லாமலே இரண்டும் விலகி நிற்கலாம்.

திருகோணமலை மீன் சந்தையில் யாரைக் கேட்டாலும் பிளாஸ்டிக் கடலுக்குக் கூடாது என்றுதான் சொல்வார்கள். மனதாரவே சொல்வார்கள். அடுத்த நிமிடம் அரைக் கிலோ சூடை சொப்பிங் பையில் கைமாறும். கேட்டது கடலைப் பற்றி. பார்த்தது மத்தியானக் கறிக்கு மீன் வாங்குவதை. இதற்கு ‘முரண்’ என்று பெயர் வைத்தால், ஆராயும் முன்னரே அந்த மனிதரைப் பொய்யர் ஆக்கிவிடுகிறோம். உளவளத்துணை படிக்கும் பிள்ளைகள் கையில் இப்படி ஒரு சொல்லைக் கொடுக்க எனக்கு மனமில்லை.

அமெரிக்கச் சமூகவியலாளர் லாப்பியரின் ஆய்வையே பாருங்கள். 1930களின் தொடக்கத்தில் ஒரு சீனத் தம்பதியுடன் அமெரிக்கா முழுவதும் பயணம் செய்தார். 251 விடுதிகளுக்கும் உணவகங்களுக்கும் போனார்கள். ஒரே ஓர் இடத்தில்தான் மறுப்பு. பிறகு அதே இடங்களுக்குக் கடிதம் எழுதி, சீனர்களை ஏற்பீர்களா என்று கேட்டார். வந்த 128 பதில்களில் 90 வீதத்துக்கு மேல் ‘மாட்டோம்’. 1934இல் வெளியான இந்த முடிவை, சொல்லும் செயலும் வேறு என்பதற்குச் சான்றாகவே நெடுங்காலம் காட்டினார்கள். ஆனால் கடிதம் கேட்டது ஓர் இனத்தைப் பற்றி. வாசலில் வந்து நின்றது ஒரு வெள்ளையருடன் வந்த, நல்ல ஆங்கிலம் பேசிய ஒரு தம்பதி. கடிதத்துக்குப் பதில் எழுதியவரும் வாசலில் அவர்களை வரவேற்றவரும் ஒரே ஆள்தானா என்பதுகூட உறுதியில்லை.

1969இல் உளவியலாளர் விக்கர் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, மனப்பாங்குக்கும் நடத்தைக்கும் இடையிலான இணைபுக் குணகம் (correlation; 0 என்றால் தொடர்பில்லை, 1 என்றால் முழுத் தொடர்பு) 0.30ஐத் தாண்டியது அரிது. மனப்பாங்கு என்ற கருத்தையே கைவிடலாமா என்ற அளவுக்குப் பேச்சு வந்தது. அதை மாற்றியது ஃபிஷ்பைன், அய்சன் என்ற உளவியலாளர் இருவரின் விளக்கம்: செயல், இலக்கு, சூழல், காலம் ஆகிய நான்கிலும் மனப்பாங்கையும் நடத்தையையும் ஒரே மட்டத்தில் அளக்க வேண்டும். 1979இல் டேவிட்சனும் ஜக்கார்டும் கருத்தடை மாத்திரைப் பாவனையை வைத்து இதைக் காட்டினார்கள். கருத்தடை பற்றிப் பொதுவாகக் கேட்டபோது இணைபு 0.08. அடுத்த இரண்டு ஆண்டுகளில் நீங்கள் மாத்திரை பாவிப்பது பற்றி என்று கேட்டபோது 0.57. அதே பெண்கள், அதே நடத்தை. மாறியது கேள்வி மட்டும்.

ஆகவே கூடவும் குறையவும் கூடிய ஓர் அளவைக் குறிக்கும் சொல் வேண்டும். ‘இசைவு’ நல்ல சொல்தான், ஆனால் சம்மதத்துக்கும் அதுவே. உயிரியலில் ‘இசைவாக்கம்’ வேறு இருக்கிறது. ‘இணக்கம்’ பிறர் கேட்டதற்கு உடன்பட்டு நடப்பதற்குப் போய்விட்டது. என் முன்மொழிவு: மனப்பாங்கு–நடத்தைப் பொருந்தளவு. உயர் பொருந்தளவு, தாழ் பொருந்தளவு என்று தடையின்றி எழுதலாம். ஒரே மட்டத்தில் அளக்கும் நெறிக்கு ஒருமட்ட நெறி. மேசன்மார் ‘மட்டம் பார்ப்பது’ எல்லோருக்கும் தெரிந்ததுதானே.

---

தம்பி, பொருந்தளவு எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் ‘இடைவெளி’யை முழுதாகத் தள்ளிவிட வேண்டாம். நாளைக்குக் கூடை கொண்டு போவேன் என்று முடிவே எடுத்துவிட்டு, காலையில் மறந்துபோய் வெறுங்கையோடு போகிறவருக்கு என்ன சொல்?

---

அக்கா, நீங்கள் சொல்வது சரி. அங்கே மனப்பாங்கு நாட்டமாகவே (intention, செய்வேன் என்ற முடிவு) மாறிவிட்டது, செயல்தான் வரவில்லை. அதற்கு நாட்டம்–நடத்தை இடைவெளி என்றே வைப்போம். ‘உள்நோக்கம்’ வேண்டாம், சூது என்ற வாடை அடிக்கிறது. உளவியலாளர் கோல்விட்சர் கண்ட வழியும் இந்த இடைவெளிக்குத்தான்: ‘செருப்பு மாட்டும்போது கூடையை எடுப்பேன்’ என்று எப்போது, எங்கே என்பதை முன்பே முடிச்சுப் போட்டு வைப்பது. அதை முன்முடிச்சு எனலாமா? ‘செயற்படுத்தல் நோக்கம்’ என்று ஓரிடத்தில் பார்த்தேன், வாயில் நிற்கவில்லை. சேரின் கருத்து வந்த பிறகு நான்கு சொற்களையும் பட்டியலில் ஏற்றுகிறேன்.